நாற்பது வயதில் வயலின்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

"இளைஞரும் இசையும்" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் தம்பி கேட்டிருந்தார். அத்தலைப்பைச் சிறிது மாற்றிக்கொள்ள அவரிடம் முன்னரே அனுமதி பெற்றுவிட்டேன். இளைஞர் இசை கற்க வேண்டும் என்று சொன்னால் இந்த மண்டபத்தில் மறுப்பவர் ஒருவரும் இல்லை. மறுப்பார் இல்லாத பொருளைப் பேசுவதில் பயனும் அதிகம் இல்லை. ஆகவே பின்வரிசைகளிலே கைகட்டி அமர்ந்திருக்கும் என் வயதினரை நோக்கிப் பேச எண்ணுகிறேன். இளைஞர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீங்களும் ஒருநாள் அந்த வரிசைக்குத்தான் வரப்போகிறீர்கள்.

சென்ற தைப்பொங்கல் கழிந்ததும் நம் மன்றத்தில் வயலின் வகுப்பு ஆரம்பமாயிற்று. 16 பிள்ளைகள் ஞாயிறுதோறும் வருகின்றனர். பிள்ளைகளை அழைத்து வரும் தந்தையரில் சிலர் வீட்டுக்குத் திரும்பாமல் சன்னலோரம் நின்று கேட்பதை நான் கவனித்திருக்கிறேன். அவர்களுள் மூவர், ஒருவரையொருவர் அறியாமல், வெவ்வேறு நாள்களில் என்னைத் தனியே அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டனர். "சேர், இந்த வயதில பழகலாமா?" என்பது கேள்வி. கேட்டுவிட்டு மூவரும் சேர்த்துக்கொண்ட வாக்கியமும் ஒன்றே: "ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

சொல்லவில்லை, பெயர்களை இன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த இரண்டாவது வாக்கியம் என்னை உறங்கவிடவில்லை. கள் குடிப்பதையா கேட்டார்கள்? சரளி வரிசை படிப்பதை அல்லவா கேட்டார்கள்! அதை மறைவில் செய்ய வேண்டும் என்று ஒரு நல்ல மனிதன் எண்ணுவானானால், எங்கோ ஒரு கோணல் இருக்கின்றது.

அவர்கள் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் வயலின் ஆசிரியன் அல்லன். 41ஆம் வயதில் முதன்முதலாக வில்லைக் கையில் எடுத்து, பதினொரு ஆண்டுகள் சென்றும் மாணவனாகவே இருக்கும் ஒரு கணித ஆசிரியன். எனக்குக் கற்பிக்கும் அம்மையார், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தர் பெயரால் விளங்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்திலே பயின்றவர். என்னிலும் 17 வயது இளையவர். நான் அவரை ரீச்சர் என்பேன். அவர் என்னை ஐயா என்பார். முதல்நாள் வகுப்பில் என் பக்கத்தில் அமர்ந்திருந்தவள் என்னிடம் ஏழாம் வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்த சிறுமி. "சேர், பெருவிரல இப்பிடி வளைச்சுப் பிடியுங்க" என்று அவள்தான் எனக்கு வில் பிடிக்கக் காட்டினாள். மறுநாள் அவளுக்கே நான் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதனால் என் மதிப்பு வகுப்பிலே குறைந்ததாகத் தெரியவில்லை. பின்னக் கணக்கு அவளுக்கு முன்னிலும் சற்று விருப்பமாயிற்று என்றே நினைக்கிறேன்.

இந்த வெட்கம் இன்று நேற்று வந்ததன்று. கிரேக்க ஞானி சோக்கிரதீசு, வயது சென்ற பின் யாழ் போன்றதொரு நரம்புக் கருவியைக் கற்கச் சென்றவர். பிளேட்டோ எழுதிய 'யூதிடீமஸ்' என்னும் உரையாடலிலே அவர் வாய்மொழியாகவே இச்செய்தி வருகின்றது. கொன்னசு என்பவர் ஆசிரியர். உடன் படித்தவர்கள் எல்லாம் சிறுவர்கள். கிழவர் வந்து உட்கார்ந்ததைக் கண்டு அவர்கள் சிரித்தார்கள். சிரித்ததோடு நில்லாமல், அந்த ஆசிரியருக்கே "கிழவர்களின் வாத்தியார்" என்று பட்டப்பெயரும் சூட்டிவிட்டார்கள். சோக்கிரதீசு என்ன செய்தார்? வகுப்பை விட்டு ஓடவில்லை; இரவில் ஒளிந்து சென்று படிக்கவும் இல்லை. வேறு சில முதியவர்களையும் பேசி இணங்க வைத்துத் தம்மோடு வகுப்புக்கு அழைத்துச் சென்றார். ஒருவராய் இருந்தால் நகைப்பு. நால்வராய் இருந்தால் அது ஒரு வகுப்பு. தத்துவ நூல்களிலே அவருடைய வாதங்களைப் பலர் படிக்கின்றனர். இந்தச் சிறு தந்திரத்தை யாரும் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. எனக்கோ அவர் சொன்ன பலவற்றிலும் இதுவே கைக்கு உதவியது.

கிரேக்க நாட்டுக்குப் போவானேன்? நம் மட்டக்களப்பு நாட்டிலேயே பார்க்கலாம். 1961இல் அம்பாறை மாவட்டம் தனியே பிரியும்வரை நாமும் மட்டக்களப்புத்தானே. கூத்துப் பழகும் ஊர்களிலே மேடை ஏறுபவர் யார்? பகலிலே மண்வெட்டி பிடித்தவர், கரைவலை இழுத்தவர், பிள்ளை குட்டி பெற்றவர். அண்ணாவியார் சட்டம் கொடுத்த நாள்முதல் மாதக்கணக்காக இரவிரவாகப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அரங்கேறுகின்றனர். தாளம் தப்பினால் அண்ணாவியார் ஊர் முன்னிலையிலே ஏசுவார். நாற்பது வயது மனிதர் தலைகுனிந்து நின்று திரும்ப ஆடுவார். அதை ஒருவரும் அவமானமாகக் கொண்டதில்லை. காலில் சதங்கை கட்டிப் பழக வயது தடையில்லை என்று ஏற்றுக்கொண்ட ஊர்கள், மடியில் வயலினை வைத்தால் மட்டும் வயதைக் கேட்பது வேடிக்கையன்றோ?

கூத்து ஊர்க்கலை, வயலின் அப்படியன்று, சிறுபிள்ளையிலேயே தொடங்க வேண்டிய கருவி என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் கருவியே நம்மிடம் எப்படி வந்தது என்று பாருங்கள். நம் இசை பல நூற்றாண்டுகள் வளர்ந்து முதிர்ந்த பின்னர் கற்றுக்கொண்ட கருவி அது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையிலே ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதை நம் இசைக்கு இணக்கினார். பின் எட்டயபுரம் சமஸ்தானத்திலே வித்துவானாக விளங்கினார். தஞ்சை நால்வருள் இளையவராகிய வடிவேலு, திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் 1834இல் யானைத் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். மேனாட்டார் தாடைக்கும் தோளுக்கும் இடையே இடுக்கிப் பிடித்த கருவியை நம்மவர் நிலத்திலே சம்மணமிட்டு அமர்ந்து, தலைப்பாகத்தை வலது கணுக்காலிலே ஊன்றி, மறுமுனையை மார்பிலே தாங்கிக் கொண்டனர். இடக்கை கருவியைத் தாங்கும் வேலையினின்று விடுதலை பெற்றது. விரல் வழுக்கி ஓட வழி பிறந்தது, கமகம் பிறந்தது. சுருதியையும் மாற்றினர். நான்கு தந்திகளும் ச-ப-ச-ப என்று நிற்கலாயின. முதிர்ந்த வயதில் கற்கும் எவரும் செய்வது இதுதான். கருவிக்குத் தாம் இணங்குவதோடு, கருவியையும் தமக்கு இணக்கிக்கொள்வர்.

நம் கரைக்கு வயலின் வேறொரு வழியாகவும் வந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் தங்கள் திருமண வீடுகளிலே கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கு அதை வாசித்து வந்தனர். அவர்களுள் தச்சரும் கொல்லரும் பலர். பகலில் உளி பிடித்த கை இரவில் வில் பிடித்தது. யாழ்ப்பாணத்திலோ, இராமநாதன் கல்லூரியிலே இசை கற்பித்த இலட்சுமிநாராயணரின் மைந்தர்கள் சிறு பருவத்திலேயே வாசிக்கத் தொடங்கினர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்து அக்குடும்பம் சென்னைக்குப் போயிற்று. அவர்களுள் எல். சுப்பிரமணியம் பின்னர் உலகமெங்கும் அறியப்பட்டார். குழந்தைப் பருவத்திலே தொடங்குவதன் பெருமைக்கு அவர்களைவிடச் சான்று வேண்டியதில்லை. நான் அப்பெருமையை மறுக்க வரவில்லை.

நிற்க. வளர்ந்தவனுக்கு வயலின் ஏன் கடினமாக இருக்கிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பலர் விரல் விறைத்துவிட்டது என்பர். அது முழுக் காரணம் அன்று.

வீணையிலே 24 மெட்டுகள் உண்டு. விரலை மெட்டின்மேல் வைத்தால் சுரம் தன் இடத்திலே நிற்கும். வயலினில் மெட்டே கிடையாது. வழுவழுத்த கரிய விரற்பலகை, அதன்மேல் தந்தி. சுரத்தின் இடம் எதுவென்று காதுதான் சொல்ல வேண்டும். கணித ஆசிரியன் என்பதால் ஒருநாள் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். பெரியவர் வாசிக்கும் வயலினில் அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 325 மில்லிமீற்றர். அதிலே மூன்றில் ஒரு பங்கைத் தள்ளி விரல் வைத்தால் பஞ்சமம். அஃது ஏறத்தாழ 108ஆவது மில்லிமீற்றரில். நான்கில் ஒரு பங்கு தள்ளினால் சுத்த மத்திமம், 81இல். ஐந்தில் ஒரு பங்கு என்றால் அந்தர காந்தாரம், 65இல். காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே 16 மில்லிமீற்றர். ஏறக்குறைய ஒரு விரல் நுனியின் அகலம். சரி, மத்திமத்திலே விரல் 3 மில்லிமீற்றர் விலகினால் என்ன ஆகும்? ஏறத்தாழ ஒரு பிரமாண சுருதி விலகும். 22 சுருதிக் கணக்கிலே வரும் மிகச் சிறிய அளவு அது. 3 மில்லிமீற்றர் என்பது ஏறத்தாழ ஒரு நெல்லின் அகலம். நெல்மணி அகலம் விரல் பிசகினால் அதை நீங்கள் கேட்டுவிடுவீர்கள்.

'கேட்டுவிடுவீர்கள்' என்றதைக் கவனிக்க வேண்டும். அங்கேதான் சங்கடம் இருக்கின்றது. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கையும் பழகாதது, காதும் பழகாதது; இரண்டும் சேர்ந்து வளரும். கீச்சென்று கத்தினாலும் பிள்ளை மகிழ்ந்து சிரிக்கும். நாற்பது வயதுக்காரரோ முப்பது ஆண்டுகளாகக் கோயில் திருவிழாவிலே நாதஸ்வரம் கேட்டவர், வானொலியிலே கச்சேரி கேட்டவர். அவர் காது முதிர்ந்துவிட்டது; கை அன்றைக்குத்தான் பிறந்தது. தம் கை எழுப்பும் ஒலியைத் தம் காதே பொறுக்காது. "எனக்கு இசை ஞானம் இல்லை" என்று சொல்லி அவர் வில்லைக் கீழே வைத்துவிடுகிறார். உண்மை நேர்மாறானது. ஞானம் இருப்பதால்தான் அது பொறுக்கவில்லை. முதிர்ந்த மாணவனின் பெருஞ்செல்வம் அந்தக் காது. அதுவே முதலாண்டிலே அவனுக்குப் பெரும் பகையாகவும் தோன்றுகின்றது. பகையென்று கருதி விட்டவர்கள் பலர். ஓராண்டு பொறுத்தவர்கள் அதன் பயனைக் கண்டனர்.

இங்கிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள மாவடிப்பள்ளியிலே நான் ஆசிரியனாக இருந்த காலத்தில்தான் வயலின் தொடங்கினேன். வயலை நோக்கிய ஒரு வாடகை வீடு. மாலையிலே மாடுகள் திரும்பி, மஃரிப் தொழுகையும் முடிந்து, ஊர் ஓயும் வேளையில் அரைமணி நேரம் சாதகம் செய்வேன். அடுத்த வளவிலே ஒரு தச்சுத் தொழிலாளர் இருந்தார். வயதில் மூத்தவர், நான் அவரைக் காக்கா என்றே அழைப்பேன். இசை கற்றவர் அல்லர். ஒரு முறை என் வயலினின் பிருடை ஒன்று வழுக்கிக்கொண்டே இருந்தபோது, சிறிது சுண்ணக்கட்டித் தூளைப் பூசித் திருகிச் சரிசெய்து தந்தவர் அவர். நான்கு மாதங்களாக ஒவ்வொரு மாலையும் நான் மாயாமாளவகௌளையிலே சரளி வரிசை இழைப்பதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். ஒரு சொல் சொன்னதில்லை. ஒருநாள் வேலியோரம் வந்து நின்று, "சேர், இண்டைக்கு அந்த மூண்டாவது சத்தம் சரியா வந்திரிச்சி" என்றார்.

மூன்றாவது சத்தம் என்றது காந்தாரத்தை. ச, ரி, க என்று எழுத்தறியாத ஒருவர், சீவுளி ஓடும் ஒலியிலேயே பலகையின் மேடு பள்ளம் அறியும் காதுடையவர், அந்த நெல்மணி அகலத்தை நான்கு மாதம் காத்திருந்து கண்டுகொண்டார். அயலவர் சிரிப்பார்கள் என்று அஞ்சுகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். சிரிப்பவர் ஒருவர் இருக்கலாம். சரியான சுரத்துக்காக வேலிக்கு அப்பால் காத்திருப்பவரும் ஒருவர் இருக்கிறார்.

இனி உடம்பைப்பற்றிச் சில சொற்கள். சம்மணமிட்டு உட்கார்ந்து வலக்காலை முன்னே நீட்டுவது கதிரையிலேயே வாழும் உத்தியோகத்தருக்குத் துன்பம் தரும். கமக்காரருக்கு அது ஒரு பொருட்டன்று. இடக்கை நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். மண்வெட்டியால் காய்ப்பேறிய கை என்று தயங்க வேண்டாம். தந்தியை அழுத்தும் விரல் நுனி எப்படியும் காய்ப்பேற வேண்டியதே. பெரும்பாலோர் இடக்கையைப்பற்றியே கவலைப்படுவர். உண்மையிலே நாதத்தைப் பிறப்பிப்பது வலக்கை. குதிரைவால் மயிர் கட்டிய வில்லுக்கு ரொசின் பூசி, ஒரே தந்தியிலே சட்ஜத்தை மட்டும் நீட்டி நீட்டி இழுக்க வேண்டும். வில்லைக் குதிரைக்கு இணையாக, நேராக இழுப்பதற்கே எனக்கு மூன்று மாதங்கள் சென்றன. சனிக்கிழமை மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு ஆறு நாள் மூடி வைப்பதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் பயனுடையது. அன்று பழகியதை உறக்கத்திலே மூளை உறுதிப்படுத்துகின்றது என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். ஆகவே இடையிலே உறக்கம் பல இருக்கட்டும். கைபேசியிலே சுருதி வைத்துக்கொள்ளலாம், மிக நல்லது. முள் ஆடிக் காட்டும் செயலியைப் பார்த்துப் பார்த்து விரல் வைப்பது மட்டும் வேண்டாம். கண்ணுக்குப் பழகிய விரல், விளக்கணைந்தால் வழி தெரியாமல் நிற்கும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்பீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். நரம்புக் கருவி வாசிப்பவரின் மூளையிலே இடக்கை விரல்களுக்குரிய பகுதி பெருகுவதையும், சிறு வயதிலே தொடங்கியவரிடம் அப்பெருக்கம் மிகுதி என்பதையும் 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. நாற்பதிலே தொடங்கியவர் லால்குடி ஜெயராமன் ஆகப் போவதில்லை. நானும் ஆகவில்லை என்பதை என் மனைவி சான்று கூறுவார். ஆனால் சரளி, ஜண்டை, அலங்காரம் கடந்து, கீதம் வாசித்து, மூன்றாம் நான்காம் ஆண்டிலே ஒரு வர்ணத்தைத் தொடலாம். கோயிலிலே பிள்ளைகள் தேவாரம் பாடும்போது பின்னாலிருந்து துணை வாசிக்கலாம். வித்துவான் வாசிக்கும்போது முன்பு கேளாத பத்து நுட்பங்கள் கேட்கும். அதற்குப் பின் கச்சேரி கேட்பதே வேறொன்றாகிவிடும்.

மூன்று வயதுக் குழந்தைகளுக்கு வயலின் கற்பிக்கும் முறையை உலகுக்குத் தந்த யப்பானியர் ஷினிச்சி சுசுகி (1898–1998), தாம் தொடங்கியது 17ஆம் வயதில். தந்தையாருக்கு வயலின் தொழிற்சாலையே இருந்தது. பெட்டி பெட்டியாக வயலின் செய்யும் வீட்டிலே வளர்ந்தும், மிஷா எல்மன் வாசித்த இசைத்தட்டைக் கேட்கும்வரை அவர் அதை எடுத்து வாசித்தவர் அல்லர்.

நம் ஊர் மண்ணிலே பிறந்த பெரியாரைச் சொல்லாமல் முடிக்க முடியாது. காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இளமையிலே பயின்றது விஞ்ஞானம். இலண்டன் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். வழக்கொழிந்துபோன யாழைத் தேடி அவர் ஆராய்ச்சியில் மூழ்கியது நாற்பதை ஒட்டிய வயதுகளில். சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையிலே யாழாசிரியன் அமைதி கூறும் 25 அடிகளுக்கு விரிவாக எழுந்தது அவருடைய யாழ்நூல். துறவுப் பணி, பேராசிரியப் பணி, இமயமலைச் சாரலிலே பத்திரிகை ஆசிரியப் பணி, இடையிடையே நோய். இவற்றுக்கு நடுவிலே ஆண்டுக்கணக்காகச் சுரங்களின் பின்னங்களைக் கணித்துக் கொண்டிருந்தார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலிலே நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் மறைந்தார். வயலினிலே மூன்றிலொன்று, நான்கிலொன்று என்று நான் அடிமட்டத்தால் அளந்தேன் என்றேனே, அந்தக் கணக்கின் வேரை அவர் நூலிலேதான் முதன்முதல் படித்தேன். "இந்த வயதில் எதற்கு?" என்று அவரிடமும் எவரேனும் கேட்டிருப்பார்களோ என்று சில வேளை எண்ணுவதுண்டு.

செயலாளர் தம்பி கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆகவே விடயத்துக்கு வருகிறேன். ரீச்சருடன் பேசிவிட்டேன், அவருக்குச் சம்மதம். வரும் மாதம் முதல் ஞாயிறு மாலை நாலரை மணிக்கு, பிள்ளைகள் வகுப்பு நடக்கும் அதே மண்டபத்திலே, அதே பாயிலே, முப்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு இடம் உண்டு. தனி அறை இல்லை. சன்னலை மூடுவதும் இல்லை. தாய்மார்களும் வரலாம், சன்னலோரம் நில்லாமல் வாசற்படியிலே நின்று கேட்டவர்கள் இருவரையும் நான் அறிவேன். மன்றத்தின் அலுமாரியிலே பெரியவர் அளவு வயலின்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றுக்குத் தந்தி மாற்ற வேண்டும். மற்றது இன்றைக்கே வாசிக்கலாம். சொந்தமாக வாங்கும்வரை அவற்றை முறை வைத்துப் பழகலாம். என்னிடம் தனியே கேட்ட மூவருக்கும் ஒரு செய்தி: நீங்கள் மூவர் இருக்கிறீர்கள், என்னையும் சேர்த்தால் நால்வர். அலுமாரிச் சாவி செயலாளரிடம் இருக்கின்றது.